தவணையில் உயர்ந்த ஏரி

பம்பாய்க்கு வடகிழக்கே, காசரா மலைப்பக்கம் மழைக்காலத்தில் போக நினைப்பவர்கள் அடிக்கடி எனக்கு எழுதிக் கேட்கிறார்கள். எந்த ட்ரெயின், என்ன செலவு, பெண்கள் தனியாகப் போகலாமா என்று. எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பாதையில் நான் முதன்முதலாகப் போனது ஊர் சுற்றுவதற்காக இல்லை. நான் எழுதிய ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் பொய் சொல்கிறதோ என்ற சந்தேகத்தில் போனேன். எண்பதுகளின் பின்பாதியில், ஜூலை மாதத்து சனிக்கிழமை ஒன்றில். வருடத்தையும் ஏரியின் பெயரையும் எழுதமாட்டேன். சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்னும் அந்தப் பக்கம் வேலை பார்க்கிறார்கள்.

அப்போது எங்கள் வீடு பம்பாய் மாதுங்காவில். எனக்கு வயது இருபத்தாறு, என் நாக்குக்கு அறுபத்தாறு என்பாள் அம்மா. செம்பூரில் ஒரு சின்ன கம்பெனியில் புரோகிராமர் வேலை. பம்பாய்க்குத் தண்ணீர் தரும் இரண்டு ஏரிகளுக்காக ஒரு புரோகிராம் எழுதும் வேலை எங்களுக்குக் கிடைத்திருந்தது. மேலே மலையில் ஓர் ஏரி, கீழே ஓர் ஏரி. நடுவில் ஒரு சுரங்கக் கால்வாய், அதன் வாயில் இரும்புக் கதவு. தினமும் காலை ஏழு மணிக்கு மேல் ஏரியின் காவலர் நீர்மட்டத்தைப் பார்த்து டெலிபோனில் சொல்வார். அந்த எண்ணை ஏற்றினால், கதவைத் திறக்கலாமா, எவ்வளவு திறக்கலாம், நகரத்துக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் விடலாம் என்று ஐந்து நிமிடத்தில் மிஷின் அச்சடித்துக் கொடுத்துவிடும். அதுவரை பெரிய என்ஜினியர்கள் வாரம் ஒருமுறை கூடி, சாய் குடித்து, அனுபவத்தை வைத்து முடிவெடுத்து வந்தார்கள். அன்றைய நிலவரத்துக்கு அன்றைக்கே பதில் என்பது அவர்களுக்கும் புதிது, எங்களுக்கும் புதிது.

அந்த வருடம் மழை தாமதம். கீழ் ஏரி பாதிகூட நிரம்பவில்லை. மேல் ஏரியும் மாதக் கடைசிக்குள் நிரம்பாது, ஆகவே கதவைத் திறக்கவேண்டாம், நகரத்துக்கு இருபது சதவீதம் தண்ணீரைக் குறையுங்கள் என்று எங்கள் மிஷின் சொல்லிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தண்ணீர் இலாகாவின் கூட்டம். அதில் மிஷின் சொல்வதை வைத்து, திங்கட்கிழமை முதல் குறைப்பு என்று உத்தரவு போடப் போகிறார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பத்து நாள் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தேன். நீர்மட்டம் தினமும் சரியாக ஓர் அடி ஏறியிருந்தது. ஒன்பது நாள், ஒன்பது அடி. செம்பூரில் ஒருநாள் முழங்கால் தண்ணீர், மறுநாள் வெயில். மேலே மட்டும் வானம் அளவுச்சாப்பாடு போட்டதா? எங்கள் மேனேஜர் மணி சாரிடம் காட்டினேன். பாலக்காட்டுக்காரர், நல்லவர், ஒழுங்கான கோட்டைப் பார்த்தால் உருகிவிடுவார். “எவ்வளவு அழகா ஏறறது பாரு. க்ளையண்டுக்கு ரொம்பப் பிடிக்கும்” என்றார்.

அன்று காலையிலிருந்து ஏரியின் டெலிபோனும் செத்துப் போயிருந்தது. அங்கே இருந்த ஒயர்லெஸ் பெட்டி அதற்கு ஒரு மாதம் முன்பே செத்தது. அதைச் சரிசெய்ய மாஹிம் பக்கம், தாராவி முனையில் ரேடியோ ஒர்க்‌ஷாப் வைத்திருந்த மைதீன் பாயை அனுப்ப ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. நானும் கூடப் போகிறேன் என்றேன். மணி சார் வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை.

இனி வழி. மாதுங்காவில் காசரா லோக்கல் நிற்காது. பின்னோக்கி தாதருக்குப் போய் ஏறுங்கள். காலையில் கூட்டமெல்லாம் எதிர்த் திசையில்தான், ஜன்னல் ஸீட்டே கிடைக்கும். நாங்கள் 6.10 வண்டியைப் பிடித்தோம். கல்யாணில் முக்கால் மணி நேரம் சிக்னலுக்காக நின்றது. அங்கே பாதிப் பெட்டி காலியாகி, அம்பர்நாத் வண்டிக்கு மாற ஓடியது. கல்யாண் தாண்டியதும் கட்டடங்கள் குறைந்து, பச்சை தொடங்கிவிடும். கேமராவை அதற்குமுன் எடுக்காதீர்கள், வீண்.

மைதீன் பாய்க்கு நாற்பது வயதிருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஒன்றை ரெக்ஸினில் சுற்றி, குழந்தையைப் போல மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். இருபது சதவீதக் குறைப்பைப் பற்றிச் சொன்னேன். சிரித்தார்.

“பேப்பர்ல இருவது பெர்சென்ட்னு போடுவாங்க தங்கச்சி. எங்க சந்து குழாய் லைன் கடைசில கெடக்கு. அங்கன வரும்போது அது பாதியா ஆயிரும். இப்ப நாப்பது நிமிசம் வருது. நாப்பது வீட்டுக்கு ஒரே குழா. வீட்டுக்கு ஒரு நிமிசம். பாதியாச்சுன்னா என்னத்த புடிக்க?”

“கூட்டத்தில இதை யாரும் சொல்லலியா பாய்?”

“எங்கள யாரு கூப்புட்டா சொல்லுததுக்கு?”

எனக்குச் சுருக்கென்றது. என் புரோகிராமில் தாராவி ஒரு எண். ‘மண்டலம் ஏழு’. அந்த எண்ணுக்குள் ஒரு சந்து இருப்பதும், அதன் குழாயடியில் இந்த மனிதரின் மனைவி குடத்துடன் நிற்பதும் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

காசராவை 9.25-க்கு அடைந்தோம். பிளாட்பாரத்திலேயே வடாபாவ் சாப்பிட்டுவிடுங்கள், அப்புறம் மலையில் பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் கிடைக்காது. அங்கிருந்து ஏரி பத்தொன்பது கிலோமீட்டர். ஷேர் ஜீப் பதினாறு கிலோமீட்டர்வரை போகும், அப்போது தலைக்கு நான்கு ரூபாய். டிரைவர் பேட்டரியைப் பார்த்துவிட்டு அதற்கும் ஒரு ஸீட் காசு கேட்டார். “அது மடியில் உட்காரும்” என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். “மடியில் உட்கார்ந்தால் அரை டிக்கெட்” என்றார் அவர். இரண்டு ரூபாய் கொடுத்தோம். நிரம்பினால்தான் ஜீப் கிளம்பும் என்பதால், கிளம்பியபோது பதினொன்று ஆகிவிட்டது.

கடைசி மூன்று கிலோமீட்டர் நடை. ஓரிடத்தில் பாலத்தின்மேல் ஓடை கணுக்கால் அளவுக்கு ஓடியது. மைதீன் பாய் பேட்டரியைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் போக, நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். நீங்கள் இந்த முட்டாள்தனத்தைச் செய்யாதீர்கள். பாலத்தின்மேல் தண்ணீர் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். எங்களுக்கு நான்கு மணிக் கூட்டம் இருந்தது, உங்களுக்கு இராது.

12.40-க்கு அணைமேல் நின்றோம். மழை விட்டிருந்தது. மிஷின் கணக்குப்படி ஏரி விளிம்புக்கு வியாழன்வரை ஒன்பது அடி பாக்கி. என் எதிரே தண்ணீர் விளிம்புக்குப் பக்கத்தில் தளும்பிக்கொண்டு நின்றது. அளவுத் தூணில் குனிந்து பார்த்தேன். ஓர் அடியும் முக்காலும்தான் மீதி. இன்னொரு நல்ல மழை பெய்தால் எல்லாம் வழிந்து, ஆற்றில் விழுந்து, கடலுக்குப் போய்விடும். கீழ் ஏரி காய்ந்து கிடக்க, நகரம் குடத்தை வைத்துக்கொண்டு நிற்க, நல்ல தண்ணீர் அரபிக்கடலுக்கு!

காவலர் பாண்டுரங், ஐம்பது வயது மராத்திக்காரர், எங்களுக்குக் கறுப்புச் சாய் கொடுத்தார். மைதீன் பாய் ஒயர்லெஸ் பெட்டியைப் பிரித்து உட்கார்ந்துவிட்டார். நான் பாண்டுரங்கிடம் பாய்ந்தேன். தினமும் ஓர் அடி என்று எப்படிச் சொன்னீர்கள், கண் தெரியவில்லையா என்று அரைகுறை இந்தியில் கத்தினேன். அவர் உள்ளே போய், நீல அட்டை போட்ட நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினார்.

ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டம். முதலாவதில் அவர் கண்ணால் பார்த்த அளவு. இரண்டாவதில் டெலிபோனில் சொன்னது. மூன்றாவதில் மீதி. ஒருநாள் இரண்டரை அடி ஏறியிருக்கிறது. ஓர் அடி சொல்லி, ஒன்றரையை மீதியில் வைத்திருக்கிறார். மறுநாள் மழையே இல்லை. மீதியிலிருந்து ஓர் அடியை எடுத்துச் சொல்லியிருக்கிறார். அப்புறம் பெருமழை வந்து மீதி ஏறிக்கொண்டே போயிருக்கிறது. வியாழக்கிழமை மீதி ஐந்தேகால் அடி. ஏரியை மனுஷர் தவணையில் அனுப்பிக்கொண்டிருந்தார்!

“ஏன் பாவ்?” என்று கேட்டேன். பாவ் என்றால் மராத்தியில் அண்ணன். என் குரல் இறங்கிவிட்டிருந்தது.

“முதல் நாள் நிஜத்தைத்தான் சொன்னேன், பாய்” என்றார். அவர்கள் பெண்களை பாய் என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். “உங்கள் ஆபீஸிலிருந்து திரும்ப போன் வந்தது. மிஷின் எடுக்கவில்லை, சரியாகப் பார்த்துச் சொல் என்றார்கள். மழையில் போய் மறுபடி பார்த்தேன், அதையே சொன்னேன். குடித்திருக்கிறாயா என்று கேட்டார்கள். ஒன்றே முக்கால் என்றேன், எடுக்கவில்லை. ஒன்றேகால், எடுக்கவில்லை. ஒன்று என்றதும் எடுத்துக்கொண்டது. சரி, மிஷினின் வயிறு அவ்வளவுதான் போல என்று நினைத்தேன். ஒன்றையும் வீணாக்கவில்லை. எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். மழை நின்றதும் மொத்தமும் சொல்லி முடித்திருப்பேன்.”

அந்த வயிற்றைத் தைத்தவள் நான். டெலிபோனில் எண்கள் தப்பாகக் காதில் விழும் என்று பயந்து, முந்தின நாளைவிட ஓர் அடிக்குமேல் வித்தியாசம் வந்தால் ஏற்காதே, திரும்பக் கேள் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். 340-ஆம் வரி. ஏசி ரூமில் உட்கார்ந்து, ஒரு நாளில் ஏரி ஓர் அடிக்குமேல் ஏறாது என்று நானாகவே முடிவுகட்டியிருந்தேன். மலையையும் பார்த்ததில்லை, அங்கே பெய்யும் மழையையும் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. அவரைத் திட்டியதற்கு இன்னும் வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். சாயைக் குடியுங்கள், ஆறிவிடும் என்றார்.

ஒயர்லெஸ் சுலபத்தில் மசியவில்லை. பேட்டரி மாற்றியும் கரகரப்புதான். மைதீன் பாய் உள்ளே ஒவ்வொரு இணைப்பாகச் சுரண்டித் துடைத்து, மறுபடி ஈயம் வைத்துப் பற்றவைத்தார். இரண்டரை, மூன்று, மூன்றேகால். நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்து தீர்த்தேன். “நடந்தா லைன் கிடைக்காது தங்கச்சி, இந்த ஒயர இழுத்துப் புடிங்க” என்றார். பிடித்தேன். 3.35-க்குக் குரல் வந்தது.

எதிர்முனையில் இலாகாவின் கூட்ட அறை. அங்கேயும் ஒயர்லெஸ் பெட்டி மேஜைமேல் இருந்தது, பேசுவது எல்லோருக்கும் கேட்கும். கூட்டத்துக்காக எங்கள் மிஷினையும் பிரின்டரையும் அங்கே கொண்டுபோய் வைத்திருந்தார்கள். மணி சாரைக் கூப்பிடச் சொல்லி, தமிழில் விஷயத்தைச் சொன்னேன். விளிம்புக்கு ஒன்றே முக்கால் அடி, மிஷின் தினமும் மிச்சத்தைத் தள்ளிவிட்டிருக்கிறது, ஓவர்.

கொஞ்ச நேரம் கரகரப்பு. பிறகு மணி சார் தமிழிலேயே, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “விஜி, நான் சொல்றதைக் கேளு. இவா யாருக்கும் தமிழ் தெரியாது. அந்த ஆள் தப்பா ரீடிங் குடுத்துட்டான்னு சொல்லிடலாம். நெஜமும் அதானே? நம்ம புரோகிராம் சரின்னு ஆயிடும். இல்லேன்னா காண்ட்ராக்டே போயிடும், புரியறதோ? ஓவர்.”

பாண்டுரங் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. மைதீன் பாய்க்கு எல்லாம் புரிந்தது. அவர் தலையைத் தூக்காமல் திருப்புளியைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்குக் கோபம் வந்திருக்கும், அந்தக் கோபத்தில் தப்பித்திருப்பேன்.

மைக்கை எடுத்து, அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் புரியும்படி இந்தியில் பேசினேன். தப்பு எங்களுடையது. அணைக்காரர் தினமும் சரியாகத்தான் பார்த்தார், சரியாக எழுதி வைத்திருக்கிறார். முதல் நாள் உண்மையைச் சொன்னபோது எங்கள் மிஷின் வாங்கவில்லை. மிஷினை அப்படி எழுதினது நான். நோட்டைப் படிக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஓவர்.

பாண்டுரங் நோட்டைப் பிடித்துக்கொள்ள, முதல் கட்டத்தில் இருந்த அளவுகளை ஒவ்வொரு தேதியாகப் படித்தேன். அதன்பிறகு மணி சாரிடம் தமிழில், “340-ன்னு அடிச்சு என்டர் தட்டுங்கோ சார், அந்த வரி போயிடும். அப்புறம் இந்த நம்பரை ஏத்தி ஓட்டுங்கோ” என்றேன். பெட்டிக்குள்ளிருந்து பிரின்டர் கத்தும் சத்தம் எனக்குக் கேட்டது. உள்ளூர நல்ல மனுஷர் என்று முன்பே சொன்னேன்.

4.20-க்கு, அறிமுகமில்லாத ஒரு பெரிய குரல் மராத்தியில் பாண்டுரங்கைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. கதவை மூன்றடி திற. தண்ணீர்க் குறைப்பு உத்தரவு நிறுத்திவைக்கப்படுகிறது. பாண்டுரங் மைக்கைப் பார்த்து சல்யூட் அடித்தார்.

கதவைத் திறக்க மோட்டார் இருந்தது, கரண்ட் இல்லை. கைச்சக்கரம்தான். ஓர் அடி ஏற எழுபது சுற்று. பாண்டுரங்கும் மைதீன் பாயும் ஒருபுறம், நான் மறுபுறம். முப்பதாவது சுற்றில் உள்ளங்கை கன்றிவிட்டது. துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு தள்ளினேன். ஒரு சுற்றுகூட விட்டுக்கொடுக்கக்கூடாது என்ற வெறி எங்கிருந்தோ வந்திருந்தது. இருநூற்றுப் பத்து சுற்று முடிந்தபோது மணி ஐந்தரை. சுரங்கத்துக்குள் தண்ணீர் இடிந்து இறங்கும் அதிர்வு செருப்பு வழியாகக் காலில் ஏறியது. மைதீன் பாய் எட்டிப் பார்த்து, “போவுது தங்கச்சி, போவுது” என்றார். நான் அழுதேன். சொல்வதில் என்ன வெட்கம்.

திரும்பும்போது இலாகா லாரி காசராவரை கொண்டுவிட்டது. உங்களுக்கு அது கிடைக்காது. கடைசி ஜீப் ஐந்து மணிக்கு, அதைத் தவறவிட்டால் பதினாறு கிலோமீட்டர் நடக்கவேண்டும். அணைமேல் போக முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். குடை பிரயோஜனமில்லை, காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும், மழைக்கோட்டு வையுங்கள். கையில் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போங்கள். மொத்தச் செலவு அன்றைய கணக்கில் இரண்டு பேருக்கும் ஐம்பது ரூபாய்க்குள். பெண்கள் தனியாகப் போகலாமா? பகலில், தாராளமாக. மொழி தெரியாதே என்று தயங்கவேண்டாம். மலையில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். ஆனால் ‘இதுதானே வழி?’ என்று கேட்காதீர்கள், ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். ‘எது வழி?’ என்று கேளுங்கள். நான் அந்தப் பயணத்தில் கற்றதெல்லாம் ஏறக்குறைய அவ்வளவுதான். எண்களைக் கேட்பதற்கும் அதே விதி.

காண்ட்ராக்ட் போகவில்லை, ஆறு மாதம் தள்ளிப்போனது. மணி சார் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. புதிய புரோகிராமில், அளவு திடீரென்று ஏறினால் மிஷின் அதை வாங்கிக்கொண்டு, ‘அங்கே மழை எப்படி என்று கேள்’ என்று அச்சடிக்கும்.

திங்கட்கிழமை விடியற்காலை, குறைப்பு தொடங்கியிருக்கவேண்டிய நாள், மாதுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்து போனேன். வீட்டிலிருந்து இருபத்தைந்து நிமிடம்தான், இருபத்தாறு வருடத்தில் ஒருமுறைகூட நான் நடந்திராத தூரம். மைதீன் பாய் சொன்ன அடையாளத்தை வைத்துச் சந்தைக் கண்டுபிடித்தேன். 5.20-க்குக் குழாய் இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓரமாக நின்றேன். இங்கே யாருக்கும் ஏரியும் தெரியாது, கூட்டமும் தெரியாது. பத்து நிமிடம். பதினைந்து. குறைத்திருந்தால் நின்றிருக்கவேண்டிய இருபதாவது நிமிடத்தில் என்னை அறியாமல் குழாயருகே போய்விட்டேன்.

“எம்மா, வேடிக்கை பாக்கவா வந்திய? தள்ளி நில்லுங்க, கொடத்த வைக்கணும்” என்று இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக ஒரு பெண் என்னை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

தள்ளி நின்றேன். அவளுடைய இரண்டு குடமும் நிரம்பின. அவளுக்குப் பின்னால் இன்னும் பதினெட்டு வீடு நின்றது. குழாய் ஓடிக்கொண்டிருந்தது.